கடல் கடக்கும் முன்

கல்விக்காகக் கடல் கடக்கும் நாள் நெருங்குகின்றது. இங்கிலாந்தில் சட்டம் பயிலச் செல்கின்றோம். கிள்ளானிலுள்ள நம் இல்லத்திற்கு வருவோரெல்லாம் குளிரைப் பற்றியே எச்சரிக்கின்றனர்.

நம் கொள்ளுப்பாட்டனார் 1937-இல் நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பலேறி, போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கியவர். 1972 முதல் கிள்ளான் துறைமுகமென வழங்குவது அத்துறையே. கங்காணி காட்டிய தோட்டமே அவருக்கு ஊர். பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டதும் முன்வந்து நிற்பதே அவர் கற்ற பாடம். மறு ஆண்டே, 1938-இல், இந்திய அரசு அவ்வாறு ஆள் அனுப்புவதைத் தடுத்தது. நமக்கோ மூன்று கல்லூரிகள் இடமளித்தன; ஒன்றை நாமே தேர்ந்தோம். இவ்வுரிமை கைவர நான்கு தலைமுறை ஆயிற்று.

நிற்க. பிரிக்பீல்ட்ஸிலுள்ள அத்தையார் புறப்பட நல்ல நேரம் குறித்துத் தந்தார். சிப்பாங்கிலிருந்து எழும் விமானம் இராகு காலம் அறியுமோ? "பெண்ணுக்கு இத்தனை தூரம் எதற்கு?" என்றார் வேறோர் உறவினர். அன்னையார் அவரோடு வாதாடவில்லை. தம் முதுமைக்கென வைத்திருந்த ஊழியர் சேமநிதியில் ஒரு பகுதியை எடுத்துக் கல்லூரிக்குக் கட்டினார். அதனினும் சிறந்த விடை யாது?

ஆசையும் அச்சமும் மாறி மாறி வருகின்றன. சென்றோர் பலர் அங்கேயே தங்கிவிடுகின்றனர். "திரும்பி வருவாயா?" என்று அன்னையார் ஒரு நாளும் கேட்டிலர். அவர் கேளாத அவ்வினாவுக்கும் விடையளிக்கும் கடமை நமக்குண்டு.