பென்ஸ் வீட்டம்மாவும் எங்க வீட்டு மாருதியும்

ஆணி பிடுங்க ஜெர்மனிக்கு அனுப்பி ஆறு மாசம் ஆகிறது. ஸ்டுட்கார்ட்டில் இருந்துகொண்டு பென்ஸ் மியூசியம் பார்க்காதவன், மதுரையில் இருந்துகொண்டு மீனாட்சியைப் பார்க்காதவன் மாதிரி என்று ரூம்மேட் நச்சரித்துக்கொண்டே இருந்தான். தொல்லை தாங்காமல் போன ஞாயிறு கிளம்பிவிட்டேன்.

2006-ல் திறந்த கட்டடம். உள்ளே போனதும் லிஃப்டில் ஏற்றி நேராக உச்சிக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கிருந்து சுற்றிச் சுற்றி இறங்கி வரவேண்டும். மேலே முதலில் நிற்பது கார் இல்லைங்க, ஒரு வெள்ளைக் குதிரை! அதைத் தாண்டினால்தான் 1886.

கார்ல் பென்ஸ் அந்த வருஷம் ஜனவரி 29-ல் பேட்டன்ட் கேட்டு மனு போட்ட மூணு சக்கர வண்டி நிற்கிறது. (இங்கே இருப்பது நகல். ஒரிஜினல் மியூனிக்கில் வேறொரு மியூசியத்தில் இருக்கிறது.) ஒரே சிலிண்டர், முக்கால் குதிரைத்திறன், மணிக்கு 16 கி.மீ. நம்மூர் டி.வி.எஸ் 50 கூட ஓவர்டேக் பண்ணிவிடும். அதே 1886-ல் கான்ஸ்டாட்டில் டைம்லர் ஒரு குதிரை வண்டியில் இன்ஜினைப் பொருத்தி ஓட்டினார். ரெண்டு பேர் ஊருக்கும் நடுவில் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் ரெண்டு பேரும் பேசிக்கொண்டதே இல்லை என்கிறார்கள். கம்பெனிகள் ஒன்று சேர்ந்தது 1926-ல். அப்போது டைம்லர் செத்து 26 வருஷம்.

நான் நின்றுவிட்டது பென்ஸ் வீட்டம்மா கதையில். பெர்த்தா. கல்யாணத்துக்கு முன்னாடியே தன் சீர்ப் பணத்தை எடுத்து அவர் தொழிலில் போட்டவர். வண்டி தயார், வாங்கத்தான் ஆள் இல்லை. 1888 ஆகஸ்டில் ஒரு விடியற்காலை, வீட்டுக்காரரிடம் சொல்லாமல், ரெண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைமில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். அதுவரைக்கும் யாரும் அவ்வளவு தூரம் காரில் போனதில்லை.

பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக்கடையில் துணிக்கறை போக்கும் லிக்ராயின் திரவத்தை வாங்கி ஊற்றியிருக்கிறார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். உரசிய ஒயருக்குக் காலுறைப் பட்டையைச் சுற்றினார். மேட்டில் பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோக, ஒரு செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடித்து வாங்கினார். சாயங்காலம் போய்ச் சேர்ந்துதான் புருஷனுக்குத் தந்தி. நாங்கள் ரிலீஸ் பண்ணும் எதையும் எவனும் இப்படி டெஸ்ட் பண்ணியதில்லை :)

சிரித்துக்கொண்டே படித்தவனுக்குச் சட்டென்று வேறு ஞாபகம் வந்தது.

அப்பாவுக்கு வாரம் மூணு நாள் டயாலிசிஸ். கோபியிலிருந்து ஈரோடு போகவேண்டும். ஓட்டிக்கொண்டிருந்தவர் அவரே. இப்போது முடியாது, மாருதி ஷெட்டில் நிற்கிறது. விடியற்காலை வருகிறேன் என்ற டிரைவர் ரெண்டு தடவை வராமல் போய், ஒரு தடவை அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே பஸ்ஸில் போனார். அன்றைக்கு அம்மா போனில், "நானே ஓட்டக் கத்துக்கட்டுமா கண்ணு?" என்றாள். "ஐம்பத்தஞ்சு வயசுல வேண்டாம்மா, காசு அனுப்பறேன், வேற டிரைவர் பாருங்க" என்று வைத்துவிட்டேன். காசு அனுப்பினேன். அவ்வளவுதான் நம்ம சாமர்த்தியம்.

அதற்கப்புறம் பார்த்ததெல்லாம் அரைகுறை. 1944-ல் இந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் கட்டாயத் தொழிலாளர்கள், போர்க்கைதிகள், முகாம் கைதிகள் என்பது மட்டும் மனதில் நின்றது. லாரிகளைப் பார்த்தபோது அப்பா ஞாபகம். சின்ன வயசில் டாடா லாரி மூக்கில் பென்ஸ் ஸ்டார் இருக்கும் என்பார். 1954-லிருந்து 1969 வரை டாடாவோடு கூட்டு இருந்ததே.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். பெர்த்தா கதையைச் சொல்லி, கடைசியில் இழுத்து இழுத்து, "நீங்க வேணா டிரைவிங் ஸ்கூல்ல சேருங்கம்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "பதினோரு கிளாசு முடிஞ்சுது கண்ணு. எல்.எல்.ஆர். போட்டாச்சு. அப்பாகிட்ட கோயிலுக்குன்னு சொல்லிட்டுப் போறேன், நீ உளறி வெச்சுராத."

எனக்குப் பேச்சே வரவில்லை.

"அந்தத் தம்பி காலுக்கடியிலயும் ஒரு பிரேக்கு இருக்குது, பயப்படாத. கிளட்சுதான் எப்ப விடறதுன்னே புடிபட மாட்டேங்குது. நீ இன்ஜினியரிங் படிச்சவன்தான, சொல்லேன்."

"நான் படிச்சது எலக்ட்ரானிக்ஸ்மா. எனக்குக் காரே ஓட்டத் தெரியாது."