குமார் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பெயர்

2023ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நமது இல்லத்தில் ஓர் ஆண் மகவு பிறந்தது. மூத்தவள் பிறந்து பதினோராண்டு கழிந்தபின் வந்த பிள்ளை. ஆயினும் அவனுக்குப் பெயர் அமையப் பதினொரு மாதம் சென்றது என்றால் அன்பர்கள் நகைக்கக்கூடும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் நம் போன்றோரை அறிந்தே இயற்றப்பட்டது போலும். பெயரின்றியே பிறப்பைப் பதிந்துகொள்ளலாம். பன்னிரண்டு மாதத்திற்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். தவறினால் தாமதக் கட்டணம் செலுத்திப் பதினைந்து ஆண்டு வரையிலும் சேர்க்கலாம். கோப்புகளைத் தள்ளிவைத்துப் பழகிய எழுத்தரின் வீட்டில் இச்சலுகை முற்றும் பயன்பட்டதில் வியப்பில்லை.

தாமதத்திற்குக் காரணம் 'குமார்' என்னும் மூன்றெழுத்தே.

நமது பெயர் விஜயகுமார். தந்தையார் பெயர் பெரியகருப்பன். ஊர் சிவகங்கைப் பக்கம். அங்கே பெயருக்கு முன் 'பெ.' என்று ஓரெழுத்து நின்றால் போதும். குடும்பப் பெயர் என்று எவரும் கேட்பதில்லை. 2003இல் தில்லியில் பணியேற்றபோது பதிவேட்டை எழுதியவர் நம் பெயரை விஜய் என்றும் குமார் என்றும் இரண்டாகப் பிளந்தார். பிற்பாதி சர்நேம் ஆயிற்று. மகளைப் பள்ளியில் சேர்த்தபோது அதுவே அவள் பெயருக்குப் பின்னும் ஒட்டிக்கொண்டது. அக்காள் ஒரு குடும்பப் பெயரிலும் தம்பி வேறொன்றிலும் இருந்தால் நாளைக்குக் கடவுச்சீட்டு முதற்கொண்டு எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். ஆதலின் பையனும் குமார்தான் என்பது முடிந்துபோன செய்தி.

குமார் என்பது இழிந்த பெயர் அன்று. மகன், இளவரசன், முருகவேள் என்றெல்லாம் பொருள்படும் நல்ல சொல். குறை, அதன் மிகுதியே. நமது அலுவலகத்தில் மற்றுமொரு விஜய் குமார் இருந்தார். அவர் வாங்கிய கடனுக்கான தவணை நமது சம்பளத்தில் நான்கு மாதம் பிடிக்கப்பட்டது. தவற்றை நிறுவ நாம் எழுதிய விண்ணப்பங்களைக் கோத்தால் அதுவே ஒரு சிறு நூலாகும். மகளின் வகுப்பிலோ குமார்கள் மூவர். "அப்பா, நமக்கே நமக்கென்று ஒரு பெயரும் கிடையாதா?" என்று அவள் ஒருமுறை கேட்டாள். அக்கேள்வி தம்பி பிறந்தபின் பெரிதாயிற்று.

அருண், அஜய், மனோஜ் என எதைச் சேர்த்தாலும் தில்லியில் ஆயிரத்தில் ஒருவன் ஆவான். குமரன் குமார் என்றால் ஒன்றையே இருமுறை சொன்னதாகும். நெடுஞ்செழியன் என்று நாம் ஆசையோடு மொழிந்தபோது, படிவத்தின் கட்டங்களை எண்ணிப் பார்க்குமாறு மனைவியார் கூறினார். எழிலன் என்றால் ழகரத்திற்கு ஆங்கிலத்தில் இடும் இரண்டெழுத்தை இங்குள்ளோர் ஜகரமாக்கி எஜிலன் என்பர். மாறன் என்னும் பாண்டியர் பெயர் இந்திச் செவிக்குக் கொல்லுதலையும் சாவையும் நினைவூட்டும்.

பள்ளியில் தமிழ் பயிலும் மகள் கடையெழு வள்ளல்களின் பெயர்களைத் தாளில் எழுதிக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினாள். பாரியை முதலில் அடித்தோம்; இங்கு 'பரீ' என்றால் தேவதை, பெண் குழந்தையின் பெயர். நள்ளி என்றால் இவர்களுக்கு உணவுக்கடை எலும்பு நினைவுக்கு வரும். இப்படி வள்ளல்கள் ஒவ்வொருவராக வீழ்ந்தனர். காரியை மட்டும் அடிக்கவில்லை, தேர்ந்ததும் இல்லை.

இவ்வளவு ஆராய்ச்சியிலும் ஒரு பெயரை நாம் வாய்திறந்து சொல்லாதிருந்தோம். தாய்வழிப் பாட்டனாரோ தந்தைவழிப் பாட்டனாரோ, அவர் பெயரைத் தாங்குபவன் ஆதலால்தானே பெயரன், பேரன் என்கிறோம்? அன்னையார் மறைந்தபின் 2021 முதல் தந்தையார் நம்மோடுதான் இருக்கிறார். அகவை எழுபத்து நான்கு. மனைவியார் ஒருநாள் அவரிடமே, "மாமா, உங்கள் பெயரையே வைத்துவிடலாமா?" என்று கேட்டார்.

"வேணாம் ஆத்தா. இந்த ஊர்ல பிள்ளைய சிரிப்பாங்க," என்றார் அவர்.

நாம் செய்தித்தாளைத் தாழ்த்தவில்லை. பணியில் சேர்ந்த புதிதில் நமது முதலெழுத்தின் விரிவைக் கேட்டறிந்த ஒருவர், அதன் பொருளையும் கேட்டு இந்தியில் பெயர்த்தார். ஒரு மாத காலம் நாம் அப்பிரிவில் 'காலு' எனப்பட்டோம். அதன்பின் யார் கேட்டாலும், "அது வெறும் எழுத்துதான்" என்று கூறிவிடுவது வழக்கமாயிற்று. இதைத் தந்தையாரிடம் ஒருநாளும் நாம் சொன்னதில்லை. எவ்வாறோ அவர் அறிந்திருந்தார். எங்கள் ஊர் எல்லையில் குதிரைமீது அமர்ந்து ஊரையே காக்கும் தெய்வத்தின் பெயரை, அவருடைய மகன் இருபதாண்டு ஒரு புள்ளிக்குப் பின்னே ஒளித்து வைத்திருந்தான்.

இராமகிருஷ்ணபுரம் குடியிருப்பில் எங்களுக்கு எதிர்வீட்டார் பிகாரைச் சேர்ந்தவர். அவரும் ஒரு குமார். ஒரு ஞாயிறன்று, "உங்கள் ஊரில் ஏன் இத்தனை குமார்கள்?" என்று கேட்டோம். 1974இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் நடத்திய இயக்கத்தின்போது பலர் சாதிப் பட்டத்தைத் துறந்தனர் என்றும், தம் தந்தையாரும் அவ்வாறே துறந்து பிள்ளைகளுக்குக் குமார் என்று மட்டும் எழுதினார் என்றும் அவர் கூறினார். 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களை விட்டொழித்த செய்தியை நாம் சொன்னோம். அவர் அதைக் கேள்விப்பட்டதில்லை. அவர் சொன்னது நமக்கும் புதிது. மூன்றெழுத்தின்மீது நாம் கொண்டிருந்த சினம் அன்று பெரிதும் தணிந்தது. பிறர் எதையோ துறந்து பெற்ற பெயரைப் பதிவெழுத்தரின் பிழையால் நாம் இலவசமாகப் பெற்றிருந்தோம்.

பேச்சோடு பேச்சாகப் பையனின் பெயர்ப் பட்டியலைக் கேட்டார். காரி என்றதும், "எங்கள் பக்கத்துப் பேச்சிலும் கரிய பசுவைக் காரி என்போம்," என்றார்.

தேநீர் ஆறிப்போயிற்று. காரி என்றால் கரியவன் என்று தமிழ் கற்ற நமக்குத் தெரியாததன்று. ஏழு பெயரையும் ஒலிக்காகவே நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம்! மனைவியாரிடம் சொன்னபோது அவர், "அதனால்தான் அதை நான் அடிக்கவில்லை," என்றார். இல்லத்தரசியர் சில கோப்புகளை நம்மினும் திறமையாக வைத்துக்கொள்வர்.

இரவு உணவின்போது தந்தையாரிடம் தெரிவித்தோம். திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியின் கதையை, அவன் இரவலர்க்குத் தேர் ஈந்ததை, கபிலர் அவனைப் பாடியதை, அவன் குதிரைக்கும் காரி என்றே பெயர் என்பதை மகள் ஒப்பித்தாள். பெரியவர் எல்லாம் கேட்டார்.

"குதிரையும் உண்டா?" என்றார்.

"உண்டு, தாத்தா."

"அப்ப நம்ம கருப்பன்தானே?"

எவரும் விடை கூறவில்லை. அவர் மோரை ஊற்றிக்கொண்டார். வழக்கத்திற்கு மாறாக இன்னும் ஒரு பிடி சோறு கேட்டார்.

2024 அக்டோபரில் பதிவலுவலகம் சென்றோம். 2023 அக்டோபர் முதல் தேதிக்குப் பின் பிறந்தோர்க்குப் பிறப்புச் சான்றிதழே பள்ளி முதல் வேலை வரை ஆதாரம் என்று சட்டத்திருத்தம் வந்திருப்பதால் எழுத்துக்கூட்டலை இருமுறை சரிபார்த்தோம். சாளரத்தில் இருந்தவர் பெயரைப் படித்து, "இதற்கு என்ன பொருள்?" என்று இந்தியில் கேட்டார். பின்னால் வரிசை நீண்டிருந்தது. "என் தந்தையின் பெயர்," என்றோம். படிவத்தைப் புரட்டித் தந்தையின் தந்தை பெயருக்கான இடத்தைத் தேடினார், இல்லை. முத்திரை குத்தித் தந்தார்.

காரி குமாருக்கு இப்போது பெயர் உண்டு. ஆனால் இப்பதினொரு மாதமும் எதிர்வீட்டு அம்மையார் அவனை 'முன்னா' என்றே அழைத்துவந்தார். அப்பெயருக்கு மட்டுமே அவன் திரும்பிப் பார்க்கிறான்.