தெனீஸுக்கு மகன், தனத்துக்கு மகள்

எங்கள் ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. "தனம் மவ" என்பார்கள். கடைக்குப் போனால் "தனம் மவளுக்கு கால் கிலோ சக்கரை போடு", கோயிலில் கூட்டமென்றால் "தனம் மவள முன்னால வுடு". என் அப்பா எனக்கு இரண்டு வயதாக இருக்கும்போது வேறொரு ஊரில் வேறொரு வீட்டுக்குப் போய்விட்டார். ஊர் அவரை மறந்துபோனது. அம்மா பெயரில் என்னை அழைத்ததில் பரிவு பாதி, இளக்காரம் பாதி. எந்த நாளில் எது என்று குரலைக் கேட்டே கண்டுபிடித்துவிடுவேன்.

பள்ளியில் சேர்த்த நாளில் தலைமையாசிரியர், "அப்பா பேரு?" என்று கேட்டார். அம்மா அந்தப் பள்ளியின் சத்துணவுக்கூடத்தில்தான் சமையல் உதவியாளர். அவர் அம்மாவைத் தினமும் பார்ப்பவர். அம்மா வாய் திறக்கவில்லை. கட்டிய புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டவள்; அவன் விட்டுப்போன பிறகும் அந்தக் கட்டு மட்டும் விட்டுப்போகவில்லை. கூட வந்த மாமாதான் சொன்னார். என் பெயருக்கு முன்னால் 'கோ' என்ற எழுத்து ஏறியது. இன்றுவரை இறங்கவில்லை. பத்தாம் வகுப்பு, இளங்கலை, முனைவர் பட்டம் எல்லாவற்றிலும் அந்த 'கோ' இருக்கிறது. தனம் எதிலும் இல்லை.

இதையெல்லாம் எழுத உட்கார வைத்தது ஒரு பிரெஞ்சுக் குடும்பப்பெயர்.

எங்கள் கல்லூரியில் பிரெஞ்சு கற்பிக்கும் தோழி ஒருத்தி உண்டு. புதுச்சேரிக்காரி. இருவரும் சேர்ந்து இயற்கையும் காதலும் பற்றி ஒரு பொது வகுப்பு எடுக்கத் திட்டமிட்டோம். நான் குறுந்தொகையிலிருந்து, அவள் 1820இல் வெளியான லமார்த்தீனின் முதல் தொகுப்பிலிருந்து. பெயரைப் பிரித்துப் படித்துப் பார்த்த நான் விளையாட்டாகக் கேட்டேன்: "லா மார்த்தீன் என்றால் பெண்பால் ஆயிற்றே, யார் அந்த மார்த்தீன்?" அவள் சிரித்தாள். "சரியான கேள்விதான். அவருடைய முன்னோர்களின் பெயர் அலாமார்த்தீன்" என்றாள்.

மூன்று சொற்கள் ஒட்டிய பெயர் அது: 'ஆ', 'லா', 'மார்த்தீன்'. மார்த்தீன் என்பவளுக்குப் பிள்ளை என்று பொருள். இப்படிப்பட்ட பெயர்கள் பிரான்சில் ஒரு சிறு கொத்தாக இருக்கின்றன. அலாமார்த்தீன், அலாமார்கோ, அலாதெனீஸ். மார்கோவுக்குப் பிள்ளை, தெனீஸுக்குப் பிள்ளை. ஒவ்வொன்றும் ஒரு தாயின் பெயர். எல்லாமே அரிய பெயர்கள்.

'ஆ' என்ற அந்த இடைச்சொல்லில் நான் தங்கிவிட்டேன். பிரெஞ்சு இலக்கணப் புத்தகம் உடைமைக்கு வேறொரு சொல்லைத்தான் சொல்லித்தரும். 'ஆ' என்பது நம் 'கு' உருபுக்கு நெருங்கியது. ஒன்றைக் கொடுப்பதற்கும் ஓரிடத்துக்குப் போவதற்கும் வருவது. ஆனால் கிராமத்துப் பேச்சில் 'தெனீஸுக்கு மகன்' என்பதுபோல உறவு சொல்லவும் அது வரும். நன்னூலும் நான்காம் வேற்றுமையின் பொருள்களில் 'முறை' என்பதை எண்ணுகிறது. இருபது வருடமாக மாணவிகளுக்கு அதைக் கற்பிக்கிறேன். அந்த உருபு எங்கோ ஒரு பிரெஞ்சுக் கிராமத்தில் ஒரு அம்மாவின் பெயரைச் சுமந்து நிற்கும் என்று நினைத்ததில்லை. அது எழுத்தாளர்கள் உண்டாக்கிய பெயரன்று. தெருவில் யாரோ கூப்பிட்ட பெயர். எங்கள் ஊர் "தனம் மவ" என்றதைப்போல.

பிரான்சில் குடும்பப்பெயர்கள் ஏறக்குறைய 11ஆம் நூற்றாண்டிலிருந்து மெல்ல மெல்லப் படிந்தவை. ஒரே ஊரில் பத்து ழான், பத்து பியேர் இருந்தால் அடையாளம் சொல்ல இன்னொரு சொல் வேண்டும். தந்தை பெயர், தொழில், வீடு இருந்த இடம், உடலின் குறை என்று ஏதோ ஒன்று ஒட்டிக்கொள்ளும். 1539இல் வில்லேர்-கோத்ரே ஆணை, ஞானஸ்நானப் பதிவேடு வைக்கும்படி பங்குக் குருமார்களைப் பணித்தது. வாயில் இருந்த பெயர் தாளில் இறங்கியது. தாளில் இறங்கியபின் அது அசைவது கடினம். புரட்சிக்குப் பிறகு, 1794இல் வந்த சட்டம், பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத் தவிர வேறு பெயரை எந்தக் குடிமகனும் தாங்கக்கூடாது என்று ஆணியடித்தது.

அப்படியானால் தெனீஸின் பெயர் ஏன் ஒட்டியது? பெயராய்வாளர்கள் சொல்லும் காரணங்கள் சில. அவள் கைம்பெண்ணாக இருந்திருக்கலாம். மணமாகாமல் பெற்றிருக்கலாம். கணவனைவிட ஊரில் பெயர் பெற்றவளாக, நிலம் உள்ளவளாக இருந்திருக்கலாம். ஒருவனுக்கு இரண்டு மனைவிகள் அடுத்தடுத்து அமைந்து, எந்தத் தாயின் பிள்ளை என்று பிரித்துச் சொல்ல வேண்டி வந்திருக்கலாம். இந்தப் பட்டியலைப் படித்தபோது எங்கள் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக நினைவில் வந்து நின்றார்கள். ஒரு வித்தியாசம்தான். அங்கே பதிவேட்டில் எழுதியவர் ஊர் சொன்னதை அப்படியே எழுதினார். எங்கள் தலைமையாசிரியர் எழுதவில்லை.

அரிய பெயர்களுக்கு ஓர் இயல்பு உண்டு. அவை பிறந்த மண்ணைவிட்டு அதிகம் நகர்வதில்லை. பிரான்சின் புள்ளியியல் நிறுவனமான இன்சே, 1891 முதல் 1990 வரை பிறந்தவர்களின் குடும்பப்பெயர்களை மாவட்ட வாரியாக, கால் நூற்றாண்டுகளாகப் பிரித்துத் தொகுத்திருக்கிறது. மார்த்தேன் என்ற பெயரை நாடு முழுக்கக் காணலாம். பிரான்சில் அதிகம் பேர் தாங்கும் பெயர் அதுதான். அலாதெனீஸ் அப்படியில்லை. நாட்டின் நடுவிலுள்ள பழைய பெர்ரி மாநிலத்தில், ஷேர், ஆந்த்ர் மாவட்டங்களில்தான் அதன் வேர். அலாமார்த்தீன், பர்கண்டியின் தெற்கே, க்ளூனி, மாக்கோன் ஊர்களைச் சுற்றிய பகுதிக்குரியது. தாயின் பெயர் அறுநூறு எழுநூறு ஆண்டுகளாக அவள் வாழ்ந்த வயல்களுக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் என் மகிழ்ச்சியைத் தோழி நிறுத்தினாள். "அவசரப்படாதே, அந்தப் பெயர் எப்படிப் பிழைத்தது என்று கேள்" என்றாள்.

மகன்கள் வழியாகத்தான் பிழைத்தது. தெனீஸின் பெயரை ஏற்றவன் மகன். அவன் அதைத் தன் மகனுக்குக் கொடுத்தான். அந்தக் கணத்தில் அது தகப்பன் பெயராகிவிட்டது. அந்த வீட்டில் பிறந்த பெண்களின் பிள்ளைகள் தம் தகப்பன் பெயரில் வளர்ந்தார்கள். வரலாற்றுப் புத்தகத்தில் ஓர் அலாதெனீஸ் தலைகாட்டுகிறார்: 1840இல் பூலோன் நகரில் லூயி நெப்போலியன் நடத்தித் தோற்ற கலகத்தில் சேர்ந்து தண்டனை பெற்ற லெப்டினன்ட். தெனீஸின் பெயர் புத்தகத்தில் ஏறவும் ஒரு ஆண் வேண்டியிருந்தது.

அலாமார்த்தீன் குடும்பத்தின் கதை இன்னும் வெளிப்படையானது. 17ஆம் நூற்றாண்டில் பதவியும் நிலமும் சேர்ந்து மேல்குடியாக ஏறியபோது, பெயரின் முதலெழுத்தை உதிர்த்துவிட்டு, 'தெ' என்ற உயர்குடி ஒட்டைச் சேர்த்துக்கொண்டார்கள். அலாமார்த்தீன், தெ லமார்த்தீன் ஆனது. மார்த்தீன் என்ற பெண், ஏதோ ஒரு நிலத்தின் பெயர்போல ஆகிவிட்டாள். எங்கள் ஊர்க்காரர்கள் பணம் வந்ததும் பட்டப்பெயரை மறைப்பார்கள், அதேதான்.

கவிஞர் லமார்த்தீனோடு அவர் கிளையில் பெயர் நின்றது. ஆண் குழந்தை சிறிதிலேயே இறந்தது. மகள் ஜூலியா 1832இல் பெய்ரூத்தில் பத்து வயதில் இறந்தாள். மனைவி இறந்தபிறகு, 1869இல் அவர் கண்மூடும்வரை பார்த்துக்கொண்டவள் சகோதரியின் மகள் வாலன்தீன். அவருக்குச் சகோதரிகள் பலர். அவர்களுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் 'வம்சம் அற்றது' என்றே இதைச் சொல்வது வழக்கம்.

பெயர் எப்படி அழிகிறது என்பதற்குக் கணக்கே இருக்கிறது. 1845இல் பியேனைமே என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் இதை ஆராய்ந்தார். முப்பது ஆண்டு கழித்து இங்கிலாந்தில் கால்டனும் வாட்சனும் அதே கேள்வியை எடுத்தார்கள். சுருக்கம் இதுதான்: ஒவ்வொரு ஆணுக்கும் சராசரியாக ஒரு மகனுக்கு மேல் இல்லையென்றால், அந்தப் பெயர் என்றாவது அழிந்தே தீரும். ஐந்து மகள்கள் பிறந்த வீடு அந்தக் கணக்கில் பூஜ்யம். அரிய குடும்பப்பெயர் என்றால் ஆள் குறைந்த குடும்பம் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இருக்க வேண்டியதில்லை. மகள்கள் நிறையப் பிறந்த குடும்பமாகவும் இருக்கலாம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பிரான்சு முழுக்க நடமாடிக்கொண்டிருக்கலாம், வேறு வேறு பெயர்களில்.

தோழியின் குடும்பத்திலும் பிரெஞ்சுப் பெயர்தான். 1881 செப்டம்பரில் வந்த ஆணையின்படி, புதுச்சேரி, காரைக்காலில் தம் மரபுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்கள் தங்களுக்கென ஒரு குடும்பப்பெயரைத் தேர்ந்தெடுக்கலாம். சாதியை உதறும் வழியாகப் பலர் அதைக் கண்டார்கள். அந்தப் பெருமை தோழிக்கு உண்டு. "ஆனால் கொள்ளுத்தாத்தா பெயர் தேர்ந்தெடுத்தபோது கொள்ளுப்பாட்டியைக் கேட்டதாக யாரும் சொன்னதில்லை" என்றாள்.

பிரான்சில் சட்டம் மாறிவிட்டது. 2002இல் இயற்றப்பட்டு 2005இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, பிள்ளைக்குத் தாயின் பெயரையோ தந்தையின் பெயரையோ இரண்டையுமோ இடலாம். 2022 ஜூலை முதல், வயதுவந்த எவரும் நகராட்சியில் ஒரு படிவம் கொடுத்து, வாழ்நாளில் ஒருமுறை தாயின் பெயருக்கு மாறிக்கொள்ளலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. கதவு திறந்திருந்தும், பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்னும் தந்தை பெயர் மட்டுமே. வழக்கத்துக்குச் சட்டம் தேவைப்படுவதில்லை.

இதையெல்லாம் ஒருநாள் இரவு என் மகளிடம் சொன்னேன். பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்குப் பெயர் சரிபார்க்கும் நேரம். "நீ வேண்டுமானால் என் முதலெழுத்தை வைத்துக்கொள், அப்பாவும் சரி என்கிறார்" என்றேன், ஏதோ பெரிய வாசலைத் திறந்துவிடுபவள்போல. அவள் கேட்டாள்: "எதும்மா? உன் பேரோட எழுத்தா, உன் இனிஷியலா? உன் இனிஷியல்னா அது தாத்தா. நான் அவரைப் பாத்ததே இல்ல."

பதில் இல்லை. என் கவிதைத் தொகுப்புகளில் நான் முதலெழுத்து போடுவதில்லை. அதைத் துணிவென்று சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் 'கோ'வை எடுத்த இடத்தில் 'த' போட எனக்குக் கூச்சமாக இருந்தது. யாராவது ஏன் என்று கேட்டால், அந்த இளக்காரக் குரலை மறுபடி கேட்க வேண்டிவருமே என்ற பயம். பாரி மகளிருக்குத் தம் பெயர் பாடலோடு வரவில்லையே என்று வகுப்பில் ஆதங்கப்படுகிறவள் நான். என் அம்மா பெயரை என் பாடலோடு நானும் அனுப்பவில்லை.

அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். அம்மாவுக்கு எழுபத்திரண்டு ஆகிறது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அலாதெனீஸ் கதையைச் சொன்னேன். ஒரு பொம்பளை, புருஷன் இருந்தானோ இல்லையோ, அவள் பெயரிலேயே ஒரு வம்சம் இன்னும் இருக்கிறது என்றேன். அவள் கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

அம்மா காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டுக் கேட்டாள்: "அந்தத் தெனீசு என்ன வேல பாத்துச்சாம்?"

"தெரியாதும்மா."

"எத்தினி புள்ளைங்க?"

"தெரியாது."

"பேர வச்சிருக்காங்க, அவ எப்படிப் பொழச்சான்னு ஒருத்தரும் எழுதி வைக்கலியா?" என்றாள். பிறகு, "நீ பள்ளிக்கூடம் சேந்தப்ப எம் பேரு கேட்டிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும். இப்ப எதுக்கு, ஆபீசு ஆபீசா அலைவ" என்று முறத்தைத் தட்டினாள்.

மகள் இன்னும் முடிவு செய்யவில்லை. செய்ய வேண்டியவள் அவள்தான். நான் செய்யக்கூடியது அம்மா கேட்டதுதான்.

அவள் பெயர் தனபாக்கியம். தனம். சத்துணவுத் திட்டம் வந்த மறுவருடம் வேலைக்குச் சேர்ந்து, கைநிறையச் சூட்டுக் காயங்களோடு ஓய்வுபெற்றாள். அரிசி களைந்தாள், விறகு அள்ளினாள், மீந்த சோற்றை வீட்டுக்குக் கொண்டுவரமாட்டாள். இரவில் கூலிக்குப் பூக்கட்டினாள். எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது சொல்லிக்கொடுத்தேன். பெற்றது ஒரு பிள்ளை, அது நான்.