எரிமலைக்கும் ஸ்டாக் கணக்கு உண்டு

சேலம், நாமக்கல் பக்கம் எரிமலை எதுவும் இல்லை. ஆனால் கல்லையும் ஜல்லியையும் எப்படி அளப்பது என்று அங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 100 கன அடி ஒரு யூனிட். "மூணு யூனிட் லோடு" என்றால் டிப்பர் எவ்வளவு நிரம்பும் என்று கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். சரி, எரிமலை கக்கும் நெருப்புக் குழம்பை இப்படி யூனிட் போட்டு அளக்க முடியுமா?

முடியும்! அருகில் போகாமலேயே முடியும். அதற்குப் பெயர் ஃபோட்டோகிராமெட்ரி, அதாவது படம் எடுத்து அளப்பது.

விமானமோ டிரோனோ மேலே பறந்தபடி வரிசையாகப் படம் எடுக்கும். ஒரு படத்தில் விழுந்த இடம் அடுத்தடுத்த படங்களிலும் விழ வேண்டும். ஒரே பாறையை வேறுவேறு கோணத்தில் பார்ப்பதால், அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் கணினி கணக்கிட்டுவிடும். நம் இரண்டு கண்களும் தூரத்தை உணர்வது போலத்தான். இப்படி அந்த நிலத்தின் முப்பரிமாண வரைபடம் கிடைக்கும்.

இனி வருவது காமர்ஸ் படித்தவர்களுக்குப் பழகிய கணக்கு. வெடிப்புக்கு முந்தைய நிலம் ஓப்பனிங் ஸ்டாக். இன்றைய நிலம் க்ளோசிங் ஸ்டாக். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வந்து சேர்ந்த குழம்பு. இரண்டு பறத்தல்களுக்கு நடுவே சேர்ந்ததை, இடைப்பட்ட நேரத்தால் வகுத்தால் விநாடிக்கு எவ்வளவு வருகிறது என்பது தெரியும். குழம்பு எவ்வளவு தூரம் ஓடும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது இந்த வேகம்தான்.

ஐஸ்லாந்தில் 2021 மார்ச் 19 அன்று ஃபாக்ரதால்ஸ்ஃபியாட்ல் எரிமலை வெடித்தது. அந்தத் தீபகற்பத்தில் 781 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த முதல் வெடிப்பு அது. செப்டம்பர் இறுதிக்குள் விமானப் படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் வைத்து 32 முறை அளந்தார்கள். பெரும்பாலும் 3 முதல் 6 மணி நேரத்தில் கணக்கு கைக்கு வந்தது. மொத்தம் 15 கோடி கன மீட்டர், சராசரியாக விநாடிக்கு 9.5 கன மீட்டர். நாமக்கல் கணக்கில் சொன்னால், விநாடிக்கு ஒரு மூணு யூனிட் லாரி, ஆறு மாதம் இரவும் பகலும்!

மார்ச், ஏப்ரலில் வேகம் விநாடிக்கு 8 கன மீட்டரைத் தாண்டவில்லை. மே மாதத்திலிருந்து 9 முதல் 13 வரை ஏறியது. குழம்பின் மேல்பகுதி ஆறிக் கறுத்துப்போய், அடியில் நெருப்பு ஓடிக்கொண்டிருந்தால் வெறும் கண்ணுக்கு இந்த ஏற்றம் எப்படித் தெரியும்?

இந்தியாவுக்கும் ஓர் எரிமலை உண்டு. அந்தமானில், ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து (பழைய போர்ட் பிளேர்) சுமார் 140 கி.மீ. தொலைவில் பேரன் தீவு. நீண்ட உறக்கத்துக்குப் பிறகு 1991-ல் விழித்தது. 2017 ஜனவரி 23 அன்று கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவன விஞ்ஞானிகள் அருகே மாதிரிகள் சேகரித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று சீறியது. ஒரு மைல் தள்ளி நின்று பார்த்தார்கள். பகலில் சாம்பல் மேகம் மட்டும். பொழுது சாய்ந்த பிறகுதான் சிவப்புக் குழம்பு தெரிந்தது. கப்பலில் நின்று பார்த்தால் நிறம் தெரியும், எத்தனை யூனிட் என்பது தெரியாது.

படமும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. புகை மறைத்தால் கணக்கு தப்பும். கடலுக்குள் இறங்கிய குழம்பு அதில் விழாது. ஆனாலும் கருவி இந்தியாவுக்குப் புதிதல்ல. 50 ஹெக்டேருக்குக் குறையாத சுரங்கக் குத்தகைகள் ஆண்டுதோறும் டிரோன் படம் தர வேண்டும் என்று 2021-லேயே மத்திய அரசு விதி திருத்திவிட்டது.

"பேரன் தீவில் மனிதர்களே இல்லையே, யாருக்காக அளப்பது?" என்று கேட்கலாம். ஐஸ்லாந்தில் 2021-ல் குழம்பு நிரப்பியதும் ஆளில்லாத பள்ளத்தாக்குகளைத்தான். 2024 ஜனவரி 14 அன்று அதே தீபகற்பத்தில் குழம்பு கிரின்டாவிக் ஊருக்குள் புகுந்து வீடுகளை எரித்தது. அன்றைக்கு உட்கார்ந்து கணக்கு பழக நேரம் இருந்திருக்குமா? ஆளில்லாத இடத்தில் பழகிக்கொள்வதுதான் மலிவு.