சங்கரன்கோவிலில் எத்தனை வட்டம்?

ஆடித்தபசுக்குக் கொடியேறிவிட்டால் சங்கரன்கோவிலில் கோயிலைச் சுற்றிச் சுற்றி வருகிற கூட்டம் ஓயாது. ஆடிச்சுற்று என்று அதற்குப் பெயர். 108 சுற்று, 501 சுற்று என்று அவரவர் வேண்டுதல். ஒற்றைக்காலில் தவமிருக்கும் கோமதி அம்மனின் கால்வலியைத் தாங்களும் கொஞ்சம் வாங்கிக்கொள்வதாகச் சுற்றுகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை.

இதே ஊரில் சுற்றவைக்கும் இன்னொரு வட்டமும் உண்டு. பட்டாவில், சாதிச் சான்றிதழில், ரேஷன் கார்டில் எல்லாம் 'சங்கரன்கோவில் வட்டம்' என்று அச்சாகியிருப்பது அதுதான். வாயால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'தாலுகா ஆபீசுக்குப் போயிட்டு வாரேன்' என்பதுதான் பேச்சு. தாலுகா அரபி வழியாக வந்த சொல். தொடர்பு, சேர்ந்திருப்பது என்று பொருள். அதைத் தமிழாக்கியபோது வட்டம் என்றார்கள். ஜில்லா மாவட்டம் ஆனது, பெரிய வட்டம். பிர்கா குறுவட்டம் ஆனது. தாசில்தார் வட்டாட்சியர் ஆனார். ஆனால் மனு எழுதிக் கொடுப்பவர்களுக்கு அவர் இன்றும் தாசில்தார்தான்.

பெயர் எதுவானாலும் கோடு மாறினால் அலைச்சல் சனங்களுக்குத்தான். வெள்ளைக்காரன் காலத்துப் பதிவுகளில் 'சங்கரநயினார்கோயில் தாலுகா' என்று இருந்த பெரிய பரப்பிலிருந்து சிவகிரி தனி வட்டமானது. பிறகு திருவேங்கடமும் பிரிந்தது. 2019 நவம்பரில் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து தென்காசி பிரிந்தபோது, சங்கரன்கோவில் மொத்தமாக அந்தப் பக்கம் போனது. கரிசல் காட்டில் ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் இடம் பெயரவே இல்லை. அவருடைய முகவரியில் மட்டும் வட்டமும் மாவட்டமும் மாறிவிட்டன. செல்போனில் பட்டா பார்க்க உட்கார்ந்தால் முதலில் மாவட்டம், அடுத்து வட்டம், பிறகுதான் கிராமம். பழைய பத்திரத்தில் இருக்கிறபடி தேர்ந்தெடுத்துவிட்டு, 'நம்ம ஊரையே காணோமே' என்று திகைப்பவர்கள் உண்டு. பூர்வீகச் சொத்து ஆயிற்றே, நெஞ்சு பதறத்தானே செய்யும்!

இந்த ஊர்க்காரர் பிழைப்புக்குச் சென்னை போனால் வேறு குழப்பம். சுவரொட்டிகளில் 'வட்டச் செயலாளர்' என்று கட்சிக்காரர் பெயர் இருக்கும். பக்கத்தில் நூற்றுச் சொச்சம் என்று வட்டத்தின் எண்ணும் இருக்கும். அங்கே வட்டம் என்பது மாநகராட்சி வார்டு. ஊரில் பஸ் பிடித்துக் கடக்கவேண்டிய வட்டம், அங்கே சில தெருக்களில் முடிந்துவிடும்.

வட்டாரம் என்றால் அது வேறு. வட்டார வளர்ச்சி அலுவலர் இருப்பது ஒன்றிய அலுவலகத்தில். குருவிகுளம், மேலநீலிதநல்லூர் என்று இங்கே சுற்றுப்பக்கத்தில் தனித்தனி ஒன்றியங்கள் இருக்கின்றன. ஒன்றியத்தின் எல்லையும் தாலுகாவின் எல்லையும் ஒன்றல்ல. வட்டார வழக்கோ இந்த எல்லை எதற்குமே கட்டுப்படாது. இடைசெவல் கி.ராஜநாராயணன் கரிசல் சொற்களைத் திரட்டி அகராதி போட்டார். இடைசெவல் இருப்பது தூத்துக்குடி மாவட்டத்தில். ஆனால் அந்தப் பேச்சில் பாதி சங்கரன்கோவில் சந்தையில் இன்றும் காதில் விழும்.

கோயிலில் மரியாதைக்குத் தலையில் கட்டுவது பரிவட்டம். நிலாவைச் சுற்றித் தெரிவதும் வட்டம்தான். எட்ட வட்டம் கட்டினால் கிட்ட மழை என்பது மானாவாரிக்காரர்களின் கணக்கு. தபசுக் காட்சி பௌர்ணமியன்று. சங்கரநாராயணர் காட்சி கொடுத்து முடிந்து, கூட்டம் பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்புகிற நேரத்தில், பருத்தியும் சோளமும் போடுகிறவர்கள் தலையை உயர்த்தி நிலாவை ஒருதரம் பார்த்துக்கொள்வார்கள்.