ஊர் பேர் இல்லாத இரும்பு

எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு வழக்கம். வீட்டில் எது காணாமல் போனாலும், "பழைய இரும்புக்காரனுக்குப் போட்டிருப்பேன்" என்பார். சென்ற தை மாதம், பாபநாசத்துக்கு அருகிலுள்ள எங்கள் பூர்விக வீட்டைப் பிரித்துக் கட்டுவதென்று தீர்மானமானதும், பரணிலிருந்து இறங்கிய சாமான்களும் அதே வழியில்தான் புறப்பட்டன. கிலோ இன்ன விலை என்று பேசி, தராசும் வந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் நானும் என் ஏழு வயது மகளும் சென்னையிலிருந்து போய் இறங்கினோம்.

"இதில் என்னென்ன இருக்கு, பெரியப்பா?"

"இரும்பு இருக்கு."

திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஓர் அரத்தில் மட்டும் 'ஷெஃபீல்டு' என்று இங்கிலீஷில் பொறித்திருந்தது. மற்றவை எல்லாம் ஊர் பேர் இல்லாதவை. யோசித்துப் பார்த்தால், பெயர் பொறிப்பது முன்பின் தெரியாதவர்களுக்கு விற்கிறவன் செய்யும் காரியம் அல்லவா? உள்ளூர்ப் பட்டறைக்காரருக்குக் களத்திலேயே நெல் அளந்துவிடுவார்கள். அரிவாள் உடைந்தால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்பதும் ஊருக்கே தெரியும்.

பின்னால் தெருவில் பட்டறை வைத்திருந்த ஆசாரித் தாத்தா இன்னும் இருக்கிறார். எண்பது வயது, உலை அணைந்து வெகுகாலம் ஆகிறது. எல்லாவற்றையும் ஒரு சாக்கில் போட்டு அவரிடம் கொண்டு போனேன்.

அவர் கண்ணாடி கூடப் போட்டுக்கொள்ளவில்லை. பிடிக்குக் குறுக்கே வாய் இருந்தால் வாய்ச்சி, பிடியோடு நேராக இருந்தால் கோடரி என்று ஒதுக்கினார். சிறு மண்வெட்டி போன்ற ஒன்றை எடுத்து, "களைக்கொட்டு. இது உங்க கொல்லைக்கு வாங்கினது. நெல்லு வயலிலே கையாலேதானே களை பறிப்பாங்க?" என்றார். ஒரு வெட்டரிவாளின் அடியில் வட்டமாக ஓர் ஓட்டை. எனக்கு அது அழகுக்காகப் போட்டதாகத் தோன்றியது. அவர் சிரித்தார். லாரியின் வில்பட்டையில் ஆணி போகிற துளையாம் அது! லாரிகள் வந்து, ஓடி, தேய்ந்து, கழிந்த பிறகு அடித்த அரிவாள் என்று அதற்கு ஜாதகமே கணித்துவிட்டார்.

கடைசியாகக் கையில் எடுத்தது ஒரு கருக்கரிவாள். கதிர் அறுப்பதற்கு. அதைத் தடவியவர் சற்று நேரம் பேசவில்லை.

"பாப்பா, இது உங்க அப்பாயியோடது."

"எப்படித் தாத்தா சொல்றீங்க? பேர் ஒண்ணும் இல்லையே?"

"பல்லைப் பாரு."

கருக்கரிவாளின் பற்கள் பிடியை நோக்கிச் சாய்ந்திருக்கும். தாளைப் பிடித்து இழுக்கும்போது வெட்ட வேண்டுமே! அந்தப் பற்களை அலகின் ஒரு முகத்தில்தான் சிற்றுளியால் கொத்துவார்கள்; மறுமுகம் வழவழப்பாக இருக்கும். தாத்தா வீட்டிலிருந்த இன்னோர் அரிவாளை எடுத்து அருகில் வைத்தார். அதில் பல் இருந்த முகத்தில் இதில் பல் இல்லை. மரப்பிடியில் கட்டை விரல் தேய்த்த பள்ளமும் எதிர்ப் பக்கத்தில் இருந்தது.

"பீச்சாங்கை அரிவாள். எங்க அப்பா அப்படி அடிச்சது ஒண்ணே ஒண்ணுதான். நான் துருத்தி ஊதினேன். 'யாருகிட்டயும் சொல்லாதீங்க ஆசாரி'ன்னு கேட்டுக்கிட்டுது."

எனக்கு நம்ப முடியவில்லை. அப்பாயி கோலம் போட்டதும், சோறு பிசைந்ததும், எனக்குத் திருநீறு பூசியதும் வலது கையால்தான். அதை விடுங்கள். 1952 நவம்பர் 30-ஆம் தேதி நாகப்பட்டினத்தின் அருகே கரை கடந்த புயலில் எங்கள் சம்பாப் பயிர் போயிற்று. மறு வருஷம் தாத்தாவும் போனார். மாமன்மார் அனுப்பிய நெல்லில் பிள்ளைகளை வளர்த்தாள், கூலிக்கு வயலில் கால் வைத்ததில்லை என்பதுதான் எங்கள் வீட்டுச் சரித்திரம். ஒரு கல்யாண வீடு விடாமல் பெரியப்பா அதைச் சொல்லியிருக்கிறார்.

"ஏதோ ஒரு வருஷம் போயிருப்பாங்களோ?" என்றேன்.

தாத்தா அலகின் மேல் விரலை வைத்துக் காட்டினார். பல் மழுங்கினால் காய்ச்சி, அராவி, புதிதாகக் கருக்கு வெட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் அலகு கொஞ்சம் குறுகும். இரண்டு விரல் அகலம் இருந்திருக்க வேண்டிய அலகு ஒரு விரலுக்கும் குறைவாக இருந்தது.

"ஒரு வருஷத்திலேயா இப்படித் தேயும்?"

வீட்டுக்குத் திரும்பி அரிவாளைப் பெரியப்பா முன்னால் வைத்தேன். ஆசாரித் தாத்தா சொன்னதையும் சொன்னேன். கோபிப்பார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் பிடியிலிருந்த பள்ளத்தில் தம் கட்டை விரலை வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. இடது கைக்கு மாற்றினார்.

"விடியறதுக்கு முன்னாடி ஆத்தைத் தாண்டி அக்கரைக்குப் போயிடுவா. இந்த ஊரிலே அறுத்தா தெரிஞ்சுடுமே! சாயங்காலம் மடியிலே நெல்லோட வருவா. 'கேட்டா மாமன் அனுப்பிச்ச நெல்லுன்னு சொல்லணும்'னு எனக்கும் உங்கப்பனுக்கும் சொல்லிக் கொடுத்தவளே அவதான். எனக்கு அப்ப ஆறு வயசு. சொல்லிச் சொல்லிப் பழகிப் போச்சு."

இரும்புக்காரர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்: "ஐயா, அதையும் தராசிலே வைக்கலாமா?"

"இது வேண்டாம்ப்பா. மத்ததையும் இரு, பார்த்துச் சொல்றேன்."

என் மகள் ஓடி வந்து அரிவாளைத் தொட இடது கையை நீட்டினாள். அவளுக்கு எல்லாமே இடது கைதான். அன்று காலையில்தான், முறுக்கை அந்தக் கையால் வாங்கியதற்காகப் பெரியப்பா அவள் மணிக்கட்டில் ஒரு தட்டு தட்டியிருந்தார்.

"வல..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார்.

"பல் இருக்கு, கண்ணு. பார்த்துத் தொடு."