குன்னூர் மலையில் வெல்லப்பாகு வாசனை

ஈரோட்டில் கார் வைத்திருப்பவனுக்கு ஹீட்டர் எதற்கு, சொல்லுங்கள்? சித்திரை வெயிலில் அரை மணி நேரம் நிறுத்திய காரில் ஏறி உட்கார்ந்தால் போதும், ஆள் அப்படியே இட்லி மாதிரி வெந்துவிடலாம். என் பதினாலு வருஷத்து செகண்ட் ஹாண்ட் காரில் ஏ.சி. திருகின் நீலப் பக்கம் தேய்ந்து எழுத்தே போய்விட்டது. சிவப்புப் பக்கம் ஷோரூம் பளபளப்பு மாறாமல் இருந்தது. பி.காம். படித்தவன் நான். உபயோகமில்லாத சொத்தைப் பற்றி அலட்டிக்கொள்வதில்லை.

அந்த உபயோகமில்லாத சொத்துதான் போன டிசம்பரில் என் மானத்தை வாங்கியது.

அப்பாவுக்கு எழுபத்தாறு வயசு. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதியவர். "அந்த கேட்டை ஒருக்கா பாத்துப் போட்டு வந்தரலாமாப்பா?" என்று ரெண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு நேரமில்லை என்பேன். (வாரத்துக்கு ஒரு கட்டுரை எழுதுகிறவனுக்கு நேரமில்லையாம்!) நடுவில் அவருக்கு ப்ராஸ்டேட் ஆபரேஷன் வேறு நடந்தது. அதற்கப்புறம் எங்கேயும் வர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். காரணத்தை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எப்படியோ சம்மதிக்கவைத்து, இ-பாஸ் எடுத்து, காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். அப்பா முன் ஸீட்டில். மனைவியும் மகளும் பின்னால்.

அவிநாசி, அன்னூர், மேட்டுப்பாளையம். பாக்குத் தோப்பு வாசனையோடு கல்லாறு. அங்கே ஆரம்பிக்கிறது மலை. குன்னூர் போவதற்குள் பதினாலு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டு போர்டு வைத்திருக்கிறார்கள், பரீட்சைக் கேள்வித்தாள் மாதிரி. பர்லியாரில் டீ குடிக்க நிறுத்தினேன். குரங்கு ஒன்று எங்கள் வடையை ஆடிட் செய்து கொண்டிருந்தபோது மனைவி என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"ஏங்க... மாமா கால்கிட்ட கார்ப்பெட் நனைஞ்சிருக்குதுங்க."

"தண்ணி பாட்டில் கவுந்திருக்கும்."

"பாட்டில் எங்கிட்ட இருக்குது."

ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதற்கு மேல் பேசவில்லை. அவள் பழைய துண்டு ஒன்றை எடுத்து அங்கே விரித்து, "கால் சில்லுனு இருக்கும் மாமா, இதுமேல வெச்சுக்கங்க" என்றாள். அப்பா தலையை ஆட்டினார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய சாக்ஸ் கணுக்கால் வரை ஈரம். வழியெல்லாம் ஓயாமல் பழைய கதை பேசி வந்த மனுஷன், அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை.

இன்னும் நாலு வளைவு ஏறியிருப்பேன். டெம்பரேச்சர் முள் மெதுவாக எழுந்து நடுக்கோட்டைத் தாண்டியது. எஞ்சின் சூடானால் ஏ.சி.யை அணைத்து ஹீட்டரை முழுசாகத் திருப்பு, சூடு கொஞ்சம் உள்ளே இறங்கும் என்று ஒரு டிரைவர் நண்பர் சொல்லியிருந்தார். நல்ல யோசனைதான். திருப்பினேன். பதினாலு வருஷத்தில் முதல் தடவையாகச் சிவப்பு.

புஸ்ஸென்று ஒரு புகை மூட்டம்! முன் கண்ணாடி முழுக்க வெள்ளை. எதிரே பஸ் ஹாரன் கேட்கிறது, பஸ் தெரியவில்லை. ஜன்னல் வழியே தலையை நீட்டி, மலைச்சுவர் ஓரமாக வண்டியை உருட்டி நிறுத்தினேன். பஸ் உரசாத குறையாகப் போனது. கை நடுங்கியது.

"அப்பா, யாரு வெல்லப்பாகு காய்ச்சுறாங்க?" என்றாள் மகள்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. காருக்குள் இனிப்பாக ஒரு வாசனை. பானெட்டைத் திறந்து, ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன். பட்டென்று என் கையைத் தட்டினார் அப்பா.

"சூட்டோட தொறக்காதே! மூஞ்சி வெந்துரும். எங்க ஃபேக்டரி லாரி டிரைவர் ஒருத்தன் அப்படித்தான் கண்ணைக் கெடுத்துக்கிட்டான்."

முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். கீழே எங்கேயோ மலை ரயில் கூவியது. கல்லாறிலிருந்து பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு 1899-லிருந்து குன்னூருக்கு ஏறிக்கொண்டிருக்கிற ரயில். "அதுவே ஹில்குரோவ்ல ஒருக்கா, ரன்னிமேடுல ஒருக்கா நின்னு தண்ணி குடிச்சுத்தான் ஏறும். உன்ற வண்டிக்கென்ன, கவுரவக் குறைச்சலா?" என்றார் அப்பா. பர்லியாருக்கப்புறம் அவர் பேசிய முதல் நீளமான வாக்கியம். மூன்று பாட்டில் தண்ணீரை ஊற்றி, ஜன்னலெல்லாம் இறக்கிவிட்டு, ஆமை வேகத்தில் குன்னூர் சேர்ந்தோம்.

ஒர்க் ஷாப்காரர் ஐம்பது வயசுக்காரர். தலையில் குரங்குக் குல்லாய். நான் சொல்வதற்குள் முன் ஸீட் கதவைத் திறந்து குனிந்தார். எனக்கு 'திக்'கென்றது. அப்பா சட்டென்று இறங்கித் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"அது... ஏ.சி. தண்ணியா இருக்கும்" என்று இழுத்தேன்.

"ஏ.சி. தண்ணின்னா வழுக்காதுங்க சார். வாசமும் வராது." வெள்ளைத் துணியால் கார்ப்பெட்டை ஒற்றி, விரல்களுக்கு நடுவே தேய்த்தார். துணியில் வெளிர்பச்சை. முன் கண்ணாடியின் உள்பக்கம் விரலால் ஒரு கோடு இழுத்தார். எண்ணெய் பூசின மாதிரி இருந்தது. "கூலன்ட். ஹீட்டர் கோர் போயிருச்சுங்க."

அப்பா திரும்பிப் பார்த்தார்.

"அப்ப... அது வண்டிதானா?" என்றார், ரொம்பச் சின்னக் குரலில்.

"வேற என்னங்க பெரியவரே? டாஷ்போர்டுக்குப் பின்னால குட்டியா ஒரு ரேடியேட்டர். எஞ்சின் சுடுதண்ணி அதுக்குள்ள போய்ட்டு வரும், ஃபேன் காத்து அதுமேல பட்டுச் சூடா வரும். அது ஓட்டையாயிருச்சு. ஒழுகி உங்க கால்ல ஊத்தியிருக்குது."

அப்பா என்னைப் பார்த்தார். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கழுவாத டீ டம்ளரைக் கழுவுகிற மாதிரி எதையோ துடைத்தாள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "நான்தானாக்கும்னு நெனச்சுப்போட்டேன்டா!" என்றார். நாங்களும் அதைத்தான் நினைத்தோம் என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாதா என்ன!

எஞ்சின் முழுசாக ஆறியதும் ரேடியேட்டர் வாயில் கைப்பம்பு ஒன்றைப் பொருத்தி அழுத்தம் ஏற்றினார். முள் நிற்கவில்லை, இறங்கியது. டாஷ்போர்டுக்குள் சொட்... சொட். சந்தேகமே இல்லை. அழுத்தம் நின்றால்தான் தண்ணீர் நூறு டிகிரி தாண்டியும் கொதிக்காதாம். ஊட்டி உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஓட்டை வண்டியோடு மலையேறுவது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"கூலன்ட் எப்ப மாத்துனீங்க?"

இங்கேதான் பி.காம். மாட்டிக்கொண்டது. கூலன்ட் டப்பா விலையைப் பார்த்து மலைத்து, நாலு வருஷமாகக் குறையும்போதெல்லாம் வீட்டு போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் போர் தண்ணீரில் குக்கரே வெள்ளை பூத்துப்போகும். அந்த உப்பு அலுமினியத்தை விட்டுவைக்குமா?

வாங்கிய மகராசன் ஒன்றும் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. ஹீட்டருக்குப் போகிற ஹோஸ், வருகிற ஹோஸ் ரெண்டையும் எஞ்சின் பக்கமே கழற்றி, ஒரு குழாய்த் துண்டால் ஒன்றோடொன்று சேர்த்து, க்ளிப் போட்டு முறுக்கினார். ஹீட்டர் இல்லாமல் வண்டி ஓடும். கூலன்டும் சுத்தத் தண்ணீரும் கலந்து ஊற்றி, காற்றுக் குமிழி போகும்வரை எஞ்சினை ஓடவிட்டார். கண்ணாடியைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தார். "மூட்டம் வந்தா ஏ.சி.யைப் போட்டுக் கண்ணாடிக்குத் திருப்புங்க, ஈரத்தை அதுவே உறிஞ்சிக்கும். கீழ சிந்துனதை நாய், குழந்தை நக்காமப் பாத்துக்கங்க. இனிக்கும், ஆனா விஷம்" என்றார். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் அப்பாவின் கேட்டைப் பார்த்தோம். கேட் அதேதான், பெயிண்ட்தான் வேறு. கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றார். காலில் செருப்பு மட்டும். சாக்ஸ் காரின் பின் கண்ணாடியில் காய்ந்துகொண்டிருந்தது. ஸிம்ஸ் பார்க் போகலாமா என்றேன். வேண்டாம், வந்த வேலை முடிந்தது என்றார்.

ஊருக்கு வந்து புது ஹீட்டர் கோர் போட்டேன். கைக்கடக்கமான சாமான். அதை எட்டுவதற்கு டாஷ்போர்டையே பிரித்துப் போட வேண்டும். சாமான் விலையைப் போல மூன்று மடங்கு கூலி. நாலு வருஷம் மிச்சம் பிடித்த கூலன்ட் காசை அதிலிருந்து கழித்துப் பார்த்தேன். விடையை வீட்டில் சொல்லவில்லை.

ஆனால் அதெல்லாம் அப்புறம். அன்று சாயங்காலம் கோத்தகிரி வழியாக இறங்கிக்கொண்டிருந்தோம். "வண்டியை ஓரங்கட்டுப்பா" என்றார் அப்பா.

பதறிப் போய், "என்னங்கப்பா, மறுபடியும் ஒழுகுதுங்களா?" என்றேன்.

"வண்டி இல்லடா. இது நான்" என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே டீக்கடைப் பின்பக்கம் நடந்தார்.